மதுக்கடையில் குழந்தைக்கு என்ன வேலை?

2012-ம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஒரு செய்தி கொட்டை எழுத்தில் வந்தது. நாட்டின் பிரதமர் தன் மகளை மதுக்கடையில் மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டாராம்!

அப்போது பிரதமராக இருந்தவர் டேவிட் கேமரூன். செய்தி வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி மக்களோடும் நண்பர்களோடும் ஒரு கிராமத்து மதுக்கடைக்குப் போனார். பகல் சாப்பாடு சாப்பிட்டார்கள். பிறகு இரண்டு கார்களில் புறப்பட்டார்கள். பிரதமர் ஒரு காரில் ஏறினார். மனைவி இன்னொரு காரில் ஏறினார்.

8 வயது மகள் அந்தச் சமயம் கழிவறைக்குப் போயிருந்தாள்.

"அவள் அம்மாவோடு வருகிறாள்" என்று அப்பா நினைத்தார். "அவள் அப்பாவோடு போகிறாள்" என்று அம்மா நினைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டு காரிலும் குழந்தை இல்லை!

அம்மா பதறிப்போய்த் திரும்பி ஓடினார். நல்ல வேளை, குழந்தை கடை ஊழியர்களோடு பத்திரமாக இருந்தாள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

இந்தச் செய்தியைப் படித்த நம் ஊர்த் தாய்மார்கள் என்ன கேட்டிருப்பார்கள்? "8 வயதுப் பெண் குழந்தையை மதுக்கடைக்கு ஏன் அழைத்துக்கொண்டு போனார்?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் அங்கே பெரிய செய்தியானது, குழந்தையை மறந்துவிட்டு வந்ததுதான். அழைத்துக்கொண்டு போனது செய்தியே அல்ல!

"பப்" என்றால் என்ன?

நம் ஊர் மதுக்கடையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் விளங்காது. இங்கே மதுக்கடை என்றால், ஆண்கள் வரிசையில் நின்று புட்டி வாங்கும் இடம். குடும்பப் பெண் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டாள்.

இங்கிலாந்தில் "பப்" என்பது வேறு. கிராமத்துக்கு ஒரு மாதா கோவில், ஒரு தபால் ஆபீஸ், ஒரு பப் என்பது பழைய கணக்கு. குளிர் நாள்களில் கணப்பு எரியும். பீர் உண்டு. சாப்பாடும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடக் குடும்பத்தோடு வருவார்கள். தாத்தா ஒரு குவளை பீர் குடிப்பார். பேரன் பழச்சாறு குடிப்பான்.

இது இன்றைய நிலை. ஆனால் அந்தக் குழந்தை அந்த மேஜைக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது. நடுவில் சுமார் 85 ஆண்டு, அது வாசற்படியிலேயே நிற்க வேண்டியிருந்தது!

ஜாடி தூக்கிய பிள்ளைகள்

முற்காலத்தில் இங்கிலாந்தில் பலம் குறைந்த பீரைக் குழந்தைகளும் குடிப்பது வழக்கம். அதை யாரும் தவறாக நினைக்கவில்லை.

பிறகு "ஜின்" என்னும் கடுஞ்சாராயம் வந்தது. லண்டன் ஏழைகள் அதில் மூழ்கினார்கள். 1751-ம் ஆண்டில் ஹோகார்த் என்ற ஓவியர் ஒரு படம் வெளியிட்டார். குடிவெறியில் ஒரு தாய் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது. தாய் அதைக் கவனிக்கவே இல்லை. 270 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் படத்தைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கும்.

நூறு ஆண்டு கழிந்தும் நிலைமை அதிகம் மாறவில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் "டேவிட் காப்பர்ஃபீல்டு" கதையில் ஒரு காட்சி வருகிறது. வேலைக்கு அனுப்பப்பட்ட பத்து வயதுப் பையன், தனியாக ஒரு மதுக்கடைக்குப் போய், உயர்ந்த ரக பீர் ஒரு குவளை கேட்கிறான். கடைக்காரர் கொடுக்கிறார்! கடைக்காரரின் மனைவி இரக்கப்பட்டு, காசைத் திருப்பிக் கொடுத்து, பையனுக்கு ஒரு முத்தமும் கொடுக்கிறாள். இது வெறும் கற்பனை அல்ல. சிறு வயதில் தனக்கே நடந்தது என்று டிக்கன்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு மதுக்கடையில் இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டுக்குப் பீர் வாங்கி வருவது!

மாலையில் அப்பா வேலையிலிருந்து களைத்து வருவார். பிள்ளையின் கையில் ஒரு ஜாடியும் சில்லறையும் கொடுப்பார்கள். பிள்ளை தெருமுனைக் கடைக்கு ஓடும். ஜாடிப் பீர் வாங்குவதற்கென்றே பல கடைகளில் தனி இடம் இருந்தது. பிள்ளை ஜாடியை ஏந்திக்கொண்டு திரும்பும்.

திரும்பும் வழியில்தான் ஆபத்து. ஜாடிக்கு மூடி கிடையாது. பிள்ளைக்குத் தாகம். ஒரு வாய் உறிஞ்சினால் யாருக்குத் தெரியும்?

இப்படி ஒரு வாய், இரண்டு வாய் என்று குடிக்கப் பழகிய பிள்ளைகள் ஏராளம். போதாக்குறைக்கு, வாங்க வரும் பிள்ளைகளுக்குக் கடைக்காரர்கள் மிட்டாய் கொடுத்துப் பழக்கம் பிடிக்கிறார்கள் என்றும் புகார் கிளம்பியது.

தக்கையும் முத்திரையும்

சட்டம் மெதுவாகத்தான் விழித்தது.

1886-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 13 வயது ஆகாத பிள்ளைக்குக் கடையிலேயே குடிப்பதற்கு மது விற்கக்கூடாது என்றது. வீட்டுக்கு வாங்கிப் போவதைத் தடுக்கவில்லை.

1901-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் வேடிக்கையானது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் மது கொடுத்து அனுப்பலாம். ஆனால் புட்டியைத் தக்கையால் அடைத்து, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும்! முத்திரையைக் கிழிக்காமல் தக்கையை எடுக்க முடியாது. வழியில் குடித்தால் வீட்டில் அகப்பட்டுக்கொள்வான்.

பிள்ளையை அனுப்பாதே என்று பெற்றோருக்குச் சொல்லச் சட்டத்துக்குத் துணிவு வரவில்லை. ஜாடியைத்தான் கட்டிப்போட்டது.

துணிவு 1908-ல் வந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய குழந்தைகள் சட்டம் மிகவும் பெரிய சட்டம். சிறுவர்களுக்குத் தனிக் கோர்ட்டு ஏற்படுத்தியது அதுதான். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிகரெட் விற்கக்கூடாது என்றதும் அதுதான். அதோடு, 14 வயது ஆகாத பிள்ளை மதுக்கடையின் குடிக்கும் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டது.

5 வயது ஆகாத குழந்தைக்கு மது கொடுப்பதையும் அதே சட்டம் குற்றமாக்கியது. நோய்க்கு மருந்தாகக் கொடுத்தால் மட்டும் விலக்கு. இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வாசற்படியில் காத்திருந்தவர்கள்

1909-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. மதுக்கடைகளில் பிள்ளைகளின் கூட்டம் மறைந்தது. ஜாடி தூக்கும் வழக்கமும் மெல்ல மெல்ல ஒழிந்தது. சட்டத்தின் வெற்றி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்குப் போனார்கள்!

அப்பாவும் அம்மாவும் உள்ளே. பிள்ளைகள் வெளியே. கைக்குழந்தை தள்ளுவண்டியில், தெருவோரத்தில். மூத்த பெண் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இங்கிலாந்தின் குளிரும் மழையும் நமக்குத் தெரியாதது அல்ல. "குடிவாடையிலிருந்து குழந்தையைக் காப்பாற்றப் போய், குளிரில் நிறுத்திவிட்டோமே" என்று அப்போதே பலர் வருந்தினார்கள்.

இந்த வழக்கம் சாமானியத்தில் போகவில்லை. கார் வந்த பிறகு, வாசற்படிக்குப் பதில் காரின் பின்சீட்டு. அவ்வளவுதான் மாற்றம்! அப்பா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே வருவார். ஒரு புட்டி எலுமிச்சைச் சோடாவும், ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலும் ஜன்னல் வழியாகக் கொடுப்பார். "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போவார்.

வறுவல் பொட்டலத்துக்குள் நீலக் காகிதத்தில் மடித்த உப்பு இருக்கும். அதைப் பிரித்துத் தூவிக் குலுக்கித் தின்றது நினைவிருக்கிறது என்று, இன்று வயதான ஆங்கிலேயர்கள் பலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்போடு சொன்னாலும், காத்திருந்த நேரத்தை அவர்கள் மறக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

கதவு திறந்தது எதனால்?

1995-ம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் கதவு கொஞ்சம் திறந்தது. சாப்பாடும் தகுந்த வசதியும் உள்ள கடைகள் தனி அனுமதி பெற்று, பெரியவர்களோடு வரும் பிள்ளைகளை உள்ளே விடலாம் என்று சட்டம் வந்தது. 2005-ம் ஆண்டு நவம்பரில் புதிய சட்டம் அமலுக்கு வந்து, கதவு நன்றாகவே திறந்துவிட்டது.

இப்போது அங்கே சட்டம் சொல்வது இதுதான். குடிப்பதற்கென்றே உள்ள கடைக்கு 16 வயது ஆகாத பிள்ளை தனியாக வரக்கூடாது. பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். 18 வயது ஆகாதவர் மது வாங்கக்கூடாது. 16, 17 வயதுக்காரர் மட்டும், பெரியவரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, பெரியவர் வாங்கிக் கொடுத்தால், பீர் அல்லது திராட்சை மது குடிக்கலாம். மற்றபடி, பிள்ளைகளை விடுவதும் விடாததும் கடைக்காரர் இஷ்டம்.

கடைக்காரர்களுக்குத் திடீரென்று குழந்தைகள் மீது பாசம் பொங்கிவிட்டதா? அப்படி நினைத்தால் நாம் ஏமாளிகள். பீர் மட்டும் விற்றுப் பிழைக்க முடியவில்லை. ஊருக்கு ஊர் பப்கள் மூடப்பட்டு வந்தன. 2007-ம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்து மதுக்கடைகளுக்குள் புகை பிடிக்கவும் தடை வந்தது. சுருட்டுப் புகை போன இடத்தில் சமையல் மணம் வந்தது. சாப்பாடு விற்க வேண்டும் என்றால் குடும்பம் வர வேண்டும். குடும்பம் வர வேண்டும் என்றால் பிள்ளைக்கு நாற்காலி போட வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

பெற்றோர் கட்சி, மற்றவர் கட்சி

இப்போது சண்டை வேறு உருவத்தில் நடக்கிறது.

"நாள் முழுதும் உழைத்துவிட்டு, ஒரு குவளையோடு அமைதியாக உட்கார வந்தோம். மேஜைக்கு அடியில் இரண்டு பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினால் எப்படி?" என்கிறார்கள் சிலர்.

"பிள்ளை பெற்றால் வீட்டுச் சிறையா? எங்களுக்கும் வெளியே போக ஆசை இராதா?" என்கிறார்கள் இளம் பெற்றோர். இதில் அதிகம் பேசுவது தாய்மார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பிள்ளைக்கு இடம் இல்லை என்றால், வீட்டில் பிள்ளையோடு தங்குவது யார்? அப்பாவா தங்குவார்?

இந்த இரண்டு கட்சியும் பேசாத ஒரு கட்சி உண்டு. அதுதான் குழந்தையின் கட்சி.

மது பற்றி ஆராயும் ஒரு நிலையம் 2017-ம் ஆண்டு பிரிட்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடிக்கு அடிமையான பெற்றோரைப் பற்றியது அல்ல. சாதாரணமாக, அளவோடு குடிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோரைப் பற்றியது. அவர்களுடைய குழந்தைகள் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள் என்று அறிக்கை சொல்லியது. அப்பாவின் குரல் மாறுவது அவர்களுக்குத் தெரிகிறது. படுக்கும் நேரம் தவறுகிறது. வழக்கத்தைவிட அதிகமாகச் சண்டை வருகிறது. சில பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். சில பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

முதல் குவளையில் இருந்த அப்பா, மூன்றாவது குவளையில் அதே அப்பா அல்ல. இதை அளந்து சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். 6 வயதுப் பிள்ளையே போதும்.

2018-ம் ஆண்டு, பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள ஒரு பெரிய மதுக்கடை நிறுவனத்தின் வழக்கம் ஒன்று பத்திரிகைகளில் அடிபட்டது. பிள்ளையோடு சாப்பிட வருபவருக்கு இரண்டு குவளைக்கு மேல் கிடையாது! "எங்களை நம்பவில்லையா?" என்று சில பெற்றோர் கோபித்தார்கள். நமக்கென்னவோ அந்த நிறுவனத்தின் பக்கம்தான் நியாயம் தோன்றுகிறது.

அமெரிக்காவின் தூக்குவாளி

அமெரிக்காவிலும் ஜாடி கதை உண்டு. அங்கே ஜாடிக்குப் பதில் தகரத் தூக்குவாளி. அதற்கு "க்ரௌலர்" என்று பெயர். நியூயார்க் ஏழைத் தெருக்களில் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டு மனம் நொந்தவர்களில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் ஒருவர். 1890-ம் ஆண்டு அந்தத் தெருக்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

பிறகு அமெரிக்கர்கள் ஒரேயடியாக மதுவிலக்கே கொண்டுவந்தார்கள். 1920 முதல் 1933 வரை அது நீடித்தது. 1984-ம் ஆண்டு இன்னொரு கடுமையான சட்டம் செய்தார்கள். 21 வயது ஆகாதவர் மது வாங்குவதைத் தடுக்காத மாநிலத்துக்கு, சாலை போட மத்திய அரசு தரும் பணத்தில் வெட்டு! எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன.

இவ்வளவு கண்டிப்பான நாட்டில் இப்போது நடப்பதைப் பாருங்கள்.

1970-களின் பிற்பகுதியில், அமெரிக்கா முழுவதிலும் நூறுக்கும் குறைவான பீர் தொழிற்சாலைகளே இருந்தன. இப்போது 9 ஆயிரத்துக்கும் மேல்! பெரும்பாலும் சிறிய தொழிற்சாலைகள். பீர் புளிக்கும் எஃகுத் தொட்டிகள் ஒரு பக்கம். அதே கூரையின் கீழ், அல்லது அடுத்த அறையில், நீள மேஜைகள் போட்ட கூடம். குழாயைத் திறந்து அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள். இதற்கு "டேப் ரூம்" என்று பெயர்.

சனி, ஞாயிறு பிற்பகலில் போனால், பல இடங்களில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். மேஜையில் வண்ணப் பென்சில்களும் விளையாட்டுப் பெட்டிகளும் இருக்கும். திருமணத்துக்கு முன் அங்கே வந்து பழகிய ஜோடிகள், இப்போது பிள்ளைகளோடு வருகிறார்கள்.

ஆனால் இது தொழிற்சாலை அல்லவா? தரை ஈரம். கொதிநீர்க் குழாய்கள். பீப்பாய் ஏற்றும் இயந்திர வண்டிகள். இரண்டு கையிலும் கண்ணாடிக் குவளைகளோடு நடக்கும் பணியாளர்கள். நடுவில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால்?

அதனால் சில கூடங்கள் பிள்ளைகளே வேண்டாம் என்று பலகை மாட்டிவிட்டன. சில கூடங்கள், பொழுது சாய்ந்தபின் 21 வயது ஆனவர்கள் மட்டும் என்று வைத்திருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேறு. விஸ்கான்சின் மாநிலம் ஒரு விசித்திரம். அங்கே பெற்றோர் பக்கத்தில் இருந்தால், 21 வயது ஆகாத பிள்ளைக்கும் கடைக்காரர் மது ஊற்றிக் கொடுக்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது!

அந்தப் பழைய "க்ரௌலர்" என்ன ஆயிற்று? இன்னும் இருக்கிறது. இந்தக் கூடங்களில் வீட்டுக்கு எடுத்துப்போக, ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடியில் பீர் நிரப்பி, மூடி போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு அதே பெயர்தான். அன்று அதைத் தூக்கியது பிள்ளை. இன்று அப்பாவே தூக்குகிறார்.

கதவா, கடிகாரமா?

பிள்ளையை உள்ளே விடலாமா, கூடாதா என்று கதவைப் பற்றியே எல்லோரும் வாதாடுகிறார்கள். கதவை மூடிப் பார்த்த கதையை மேலே சொன்னோம். நமக்குப் பட்டதைச் சொல்கிறோம். கதவைவிடக் கடிகாரம் முக்கியம்!

பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் பிள்ளை உட்காருவது வேறு. இரவு பத்து மணிக்கு நாற்காலியில் தூங்கி வழிவது வேறு. இடம் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் பெரியவர்கள் பிள்ளையின் நேரத்துக்கு நடக்கிறார்கள். இரண்டாவதில் பிள்ளை குவளையின் நேரத்துக்கு நடக்கிறது.

அயர்லாந்து நாட்டார் இதைப் புரிந்துகொண்டு சட்டம் செய்திருக்கிறார்கள். அங்கே மதுக்கடையில் பெற்றோரோடு பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் இரவு 9 மணி அடித்தால் வெளியேற வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை, பொழுது மெதுவாகச் சாயும் மாதங்களில், 10 மணி வரை சலுகை.

மரத்தடியில் பீர் தோட்டம்

குழந்தைகளும் பீரும் சேர்ந்தே இருக்கும் ஊர் ஒன்று உண்டு என்றால், அது ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரம்தான்.

அங்கே பீர் காய்ச்சுகிறவர்கள், பீர் குளிர்ச்சியாக இருப்பதற்காக நிலத்தடியில் அறை தோண்டினார்கள். மேலே வெயில் படாமல் இருக்க, நிழல் மரங்கள் நட்டார்கள். மக்கள் அந்த நிழலில் வந்து உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். ஊரில் உள்ள உணவுக் கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. 1812-ம் ஆண்டு பவேரியா மன்னர் ஒரு சமரச உத்தரவு போட்டார். தோட்டத்தில் பீர் விற்கலாம், ரொட்டி விற்கலாம். வேறு சாப்பாடு விற்கக்கூடாது!

அதனால் மக்கள் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். தடை என்றைக்கோ போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இன்றும் மியூனிக் பீர் தோட்டங்களில் கூடையைத் திறந்து, மேஜையில் துணி விரித்து, பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். பீர் மட்டும் அங்கே வாங்குவார்கள். ஒரு பெரிய தோட்டத்தின் பக்கத்தில் 1913-ம் ஆண்டிலிருந்து குழந்தைகளின் குடைராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தோட்டத்தில் வேலிக்கு அப்பால் மான்கள் நிற்கின்றன.

கட்டுச்சோறும் மர நிழலும் நமக்கும் தெரிந்தவைதான். பீர் குவளையை எடுத்துவிட்டால், ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போன குடும்பம் மாதிரியே இருக்கும்.

ஆனால் ஜெர்மனியிலும் எல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பெற்றோர் கூட இருந்தால் 14 வயதுப் பிள்ளையே பீர் குடிக்கலாம் என்று அங்கே நெடுங்காலமாகச் சட்டம் இருந்து வந்திருக்கிறது. "வீட்டாரோடு குடித்துப் பழகினால் அளவு தெரியும்" என்பது பழைய வாதம். இந்தச் சலுகை கூடாது என்று டாக்டர்களும் அரசியல்வாதிகளும் அண்மை ஆண்டுகளில் பலமாகக் குரல் கொடுத்தார்கள். மதுவில் தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று, உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் கூறியிருக்கிறது. பெரியவர்களுக்கே இப்படி என்றால், வளரும் பிள்ளைக்கு அளவு பழக்குவது எப்படி?

மியூனிக்கில் ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் உலகப் புகழ் பெற்ற பீர் திருவிழா நடக்கிறது. ஒரு கூடாரத்தில் பல ஆயிரம் பேர் உட்காருவார்கள். குவளை ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். பாண்டு வாத்தியம் முழங்கும். பகலில் பெற்றோர்கள் பிள்ளைகளோடு கூடாரத்துக்குள் வருவார்கள்.

இரவு 8 மணி ஆனதும் ஒரு விதி அமலுக்கு வருகிறது. 6 வயது ஆகாத குழந்தை கூடாரத்தைவிட்டு வெளியேற வேண்டும். அப்பா, அம்மா கூட இருந்தாலும் சரி, விதி விதிதான். குழந்தை தனியாகப் போக முடியாது அல்லவா? பெற்றவர்களில் ஒருவராவது எழுந்துதான் ஆக வேண்டும். குவளையில் பாதி மிச்சம் இருந்தாலும்!